இரட்டைத் தையல்

டாக்டரம்மா அந்தச் சீட்டில் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதி, அடியில் கோடும் போட்டு, கட்டிலில் கிடந்த கணவரிடம் கொடுக்காமல் மனைவியிடம் நீட்டினார். யாரிடம் கொடுத்தால் காரியம் நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"உங்க வீட்டுக்காரருக்கு இது நாலாவது பாம்புக்கடி. மூணு தடவை விஷமுறிவு ஊசி காப்பாத்துச்சு. இப்ப உடம்பு அந்த ஊசியையே ஏத்துக்க மாட்டேங்குது. நேத்து அவருக்கு மூச்சு நின்னது விஷத்தால இல்லம்மா, நாங்க போட்ட மருந்தால. எப்படியோ இழுத்துப் பிடிச்சுட்டோம். இன்னொரு தடவை முடியாது. ஊசி போடலைன்னா பாம்பு கொன்னுரும், போட்டா ஊசி கொன்னுரும்."

"வேற ஊசி இல்லையாம்மா?"

"இருக்கறது இது ஒண்ணுதான்."

கட்டிலில் இருந்தவர் வீங்கிய உதட்டை வைத்துக்கொண்டு, "சரி விடு, இனிமே கடிக்காத பாம்பாப் பாத்துப் பிடிக்கிறேன்" என்றார். இருபத்திரண்டு வருடமாக அவர் அடிக்கும் கடிகளுக்குச் சிரித்தவள் அவள். அன்று சிரிப்பு வரவில்லை. சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

அவருக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. முன்னறை முழுக்கச் செம்புக் கம்பியும் வார்னிஷ் நாற்றமும். பின்னறையில் அவளுடைய தையல் மெஷின். பள்ளிச் சீருடை தைப்பாள். பாம்பு பிடிப்பது யாரும் கேட்டுக்கொள்ளாமல் அவர் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஊர் பாறையும் புதருமாகக் கிடந்த இடத்தை மட்டம் தட்டி மனை போட்டு எழும்பியது. 'பாம்பு நம்மகிட்ட வரலை, நாமதான் அது இடத்துல வீடு கட்டிட்டோம்' என்று அங்கே எல்லோருமே ஞானி போலப் பேசுவார்கள். குளியலறையில் ஒன்று சுருண்டு கிடப்பதைப் பார்க்கும்வரைதான் அந்த ஞானமெல்லாம். பார்த்ததும் பாம்பண்ணனுக்கு ஃபோன். வனத்துறை வண்டி வர அரை நாள் ஆகும். தீயணைப்பு நிலையத்தில் கேட்டாலும் இவர் நம்பரைத்தான் கொடுத்தார்கள்.

பாம்புப் பைகளைத் தைத்தது அவள்தான். கெட்டித் துணி, வாயில் ஒரு முழத்துக்குப் பிளாஸ்டிக் குழாய். இருட்டுப் பொந்து என்று நினைத்துப் பாம்பு தானே நுழைந்துவிடும். ஓரம் முழுக்க இரட்டைத் தையல் போடுவாள். ஒற்றைத் தையல் ஒரு இழை விட்டாலும் பாம்பு மூக்கை நுழைத்து வெளியே வந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். தாலி கட்டியவனின் உயிரை நூலில் கட்டி வைத்திருக்கிறேன் என்று சிநேகிதிகளிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே அவருடைய ஃபோனைப் பிடுங்கி மெஷின் இழுப்பறையில் போட்டாள். அழைப்பு வந்தால், "அவர் ஊர்ல இல்லீங்க." நான்கு பேருக்கு இதையே சொன்னாள். இரண்டு இடத்தில் வந்தது வெறும் சாரை. ஒன்று தானாகப் போய்விட்டது. ஒன்றை அடித்துக் கொன்றுவிட்டார்கள். பொய் நன்றாகத்தான் வேலை செய்தது.

ஐந்தாவதாக அழைத்தவர் மருந்துக்கடைக்காரர். "அக்கா, அடுப்படியில ஃப்ரிட்ஜுக்குப் பின்னால நல்ல பாம்பு. படம் எடுத்து நிக்குது. அண்ணன் இருக்காரா?"

முன்னறையில் பம்ப் மோட்டார் ஒன்று சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அண்ணனுக்கு எதுவும் கேட்கவில்லை.

"ஊர்ல இல்லீங்களே. நாளைக்குச் சாயங்காலம் ஆகும். கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளியில இருங்க. கிட்டப் போகாதீங்க."

கிட்டப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் செய்தாள். பின்னால் எத்தனையோ முறை அவள் தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொண்ட வாக்கியம் அது. அடுப்படியை ஒட்டிய அறையில் மருந்துக்கடைக்காரரின் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பது அவளுக்குத் தெரியாது. கிழவியை விட்டுவிட்டு எப்படி வெளியே நிற்பார்? தரை துடைக்கும் குச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க இருவரும் போனார்கள். போகாமல் இருக்க முடியுமா? மருந்துக்கடைக்காரரின் மனைவி அவரைப் பார்த்ததும் உடைந்துவிட்டாள். "அண்ணே, நீங்க மட்டும் ஊர்ல இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? எங்க கெட்ட நேரம், நீங்க இல்லாத நாளாப் பாத்து வந்துச்சே!"

அவர் தன் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாம்மா," என்றார். "ஊர்ல இல்லாமப் போயிட்டேன்."

வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று நாள் காயில் சுற்றிக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் பின்னறை வாசலில் வந்து நின்று, "ஃபோனைக் குடு" என்றார்.

"குடுக்க மாட்டேன். எனக்குச் சொல்லிக் குடுங்க, நான் போறேன்."

"நீயா? பல்லி விழுந்தாலே தெருவைக் கூட்டுவ!"

"பல்லிக்கு நான் பை தைச்சதில்லை. தமாஷை விடுங்க. உங்களைக் கடிச்சா ஊசி கிடையாது. என்னைக் கடிச்சா ஊசி இருக்கு. கணக்கு சரியா, தப்பா?"

அவர் மூலையில் கிடந்த கம்பியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

வளைந்த கம்பியால் நடு உடலைத் தூக்குவது, தலைப் பக்கம் போகாமல் பக்கவாட்டில் நிற்பது, குழாயின் வாயைச் சுவரோரம் வைப்பது என்று முதலில் கயிற்றை வைத்தும் பிறகு சாரையை வைத்தும் சொல்லிக் கொடுத்தார். கட்டின பையைத் தொங்கவிடக் கூடாது, மூடி போட்ட வாளிக்குள்தான் வைக்க வேண்டும் என்பதை மட்டும் தினமும் சொன்னார். எட்டு மாதத்தில் டெய்லரக்கா பாம்பக்கா ஆகிவிட்டாள். முதல் பத்துப் பாம்புக்கும் பயந்துகொண்டே போனாள். அப்புறம் பயம் போகவில்லை, பழகிவிட்டது.

அவர்பாடுதான் திண்டாட்டம். அவள் போய்த் திரும்பும்வரை கேட்டருகே நிற்பார். இத்தனை வருடம் அவள் நின்ற அதே இடம். ஒரு நாள் சுற்று எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு ஒரு மோட்டாரையே கருக்கிவிட்டார். "இப்பத் தெரியுதா?" என்று கேட்க வாய் வரை வந்தது. முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

தவழுகிற குழந்தை இருக்கும் வீடு என்று ஒரு காலை அழைப்பு வந்தது. அடித்துப் பிடித்துக் கிளம்பியதில் வாளியை எடுக்க மறந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கண்ணாடி விரியன், கை பருமன். பதற்றமில்லாமல் பிடித்தாள். அந்த வீட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பையைக் கட்டி ஸ்கூட்டரின் முன் கொக்கியில் மாட்டினாள். ஒரு தெரு தள்ளி வேகத்தடையில் வண்டி குதித்தபோது முழங்கால் பையில் உரசியது. துணி வழியாகவே பல் இறங்கிவிட்டது. தையல் விடவில்லை. ஒரு இழைகூட விடவில்லை.

பயப்படவில்லை. எனக்குத்தான் ஊசி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மருந்து ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது. பிறகு உதடு தடித்தது. தொண்டை மூடிக்கொண்டது. அதற்குமேல் அவளுக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் அதே டாக்டரம்மா, அதே சிவப்புப் பேனா. இந்தத் தடவை சீட்டைக் கணவரிடம் கொடுத்தார். "சிலருக்கு முதல் ஊசியே ஒத்துக்காதும்மா. யாருக்குன்னு முன்கூட்டித் தெரியாது" என்றவர், அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு சீட்டு. அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் நம்பரை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டார்கள். கம்பியைப் பரணில் போட்டார். பத்து நாள் பாம்பு என்று ஃபோன் வாய் திறக்கவில்லை. அடித்தால் 'மோட்டார் ரெடியா' என்ற கேள்விதான். பிழைத்துக்கொண்டோம் என்று அவள் நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

பதினோராம் நாள் காலை அவள் சட்டைக் காலருக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, நான்தான், மருந்துக்கடை வீடு. அம்மா கட்டிலுக்கு அடியில ஒண்ணு கிடக்கு. அம்மாவை அசைக்க முடியாது. நான் தனியா... அண்ணன் ஊர்ல இருக்காராக்கா?"

முன்னறையில் மோட்டார் ஓடவில்லை. அவர் வாசல் நிலையில் கை வைத்து நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

"இருக்காரு" என்றாள். "அம்மாகிட்ட ஆடாம இருக்கச் சொல்லு. நீயும் கிட்டப் போகாதே, தாயி. வந்துட்டோம்."

அவர் பரணில் இருந்து கம்பியை இறக்கினார். "நான் போறேன். நீ இரு."

"எப்படிப் போவீங்க? கதவுல ஒட்டியிருக்கறது என்ன காலண்டரா?"

"உன் சீட்டும்தான் ஒட்டியிருக்கு. எனக்கு நாலு கடி. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன, முழம் என்ன? உனக்கு ஒண்ணுதானே."

"ஒண்ணுலேயே எனக்கு மூச்சு நின்னுச்சு. நாலு வரைக்கும் தாக்குப் பிடிச்சவர்னு மெடல் வேணுமா? கம்பியை இப்படிக் குடுங்க."

கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற பிள்ளைகளைப் போல நின்றார்கள்.

"சரி, ரெண்டு பேருமாப் போவோம்" என்றாள்.

"ரெண்டு பேரா எதுக்கு?"

"ஒருத்தரைக் கடிச்சா இன்னொருத்தர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேணாமா?"

"கூட்டிட்டுப் போய்?"

அவள் அலமாரியில் இருந்து பையை எடுத்து, பழக்க தோஷம், ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டித் தையலைப் பார்த்தாள். மூடியோடு வாளியை எடுத்தாள். அவர் கதவைப் பூட்டிவிட்டு வந்து ஸ்கூட்டரை உதைத்தார். வாளியைத் தங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள்.