கைப்பம்புத் தண்ணீர்

கிழக்கே வெளுக்கத் தொடங்கியபோது மூன்றாவது வலை மேலே வந்தது. வலையை இழுக்கும் வின்ச் முனகியது. மீன் சேரும் வலை மடியின் கயிற்றை அவிழ்த்ததும் படகின் தளமெங்கும் சேறும் மீனும் கொட்டின. செல்லக்கண்ணு குந்தி உட்கார்ந்து இறாலைத் தனியே, கணவாயைத் தனியே, கழிசலைத் தனியே பிரித்துப் போட்டான். இறாலின் கொம்பு குத்திக் குத்தி விரல் நுனிகள் வெளிறி ஊறிப் போயிருந்தன. கரையை விட்டு நான்கு நாள் ஆகிவிட்டது. நான்கு நாளையும் கூட்டினாலும் ஒரு முழுத் தூக்கம் தேறாது.

பிரித்து முடித்ததும் எல்லாரும் தண்ணீருக்கு வந்தார்கள். சமையல் மூலையில் ஒரு கைப்பம்பு. கீழே, எஞ்சின் அறையை ஒட்டி, இரும்புத் தொட்டி. கரையில் அந்தத் தொட்டியை நிரப்புவதும் கடலில் பம்பை அடிப்பதும் செல்லக்கண்ணுவின் வேலை. முதல் இரண்டு சொம்பு காவி நிறத்தில் வரும். அதைக் கடலில் ஊற்றிவிட்டு, அடுத்து வருவதை வேட்டித் துணியில் வடிகட்டிக் கொடுப்பான். அப்போதும் டீசல் வாடை போகாது. குடித்து வெகுநேரம் ஆகியும் நாக்கில் துரு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அன்று சமையல்காரன் குழந்தைவேல் மட்டும் வரவில்லை. கயிற்றுச் சுருளின் மேல் சுருண்டு கிடந்தான். நடுராத்திரியிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். கண் உள்ளே போய்விட்டது. டிரைவர் பலராமன் வயர்லெஸ்ஸில் முதலாளி சுப்பராயலுவைப் பிடித்துச் சொன்னார். இன்னும் இரண்டு நாள் வலைப்பாடு இருக்கிறது, ஐஸ் வீணாகிவிடும், பெட்டியில் இருக்கிற உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுங்கள் என்று பதில் வந்தது.

செல்லக்கண்ணு பொடியைக் கரைத்தான். கரைக்க வேறு தண்ணீர் ஏது? அதே பம்பை அடித்து, அதே துணியில் வடித்து, குழந்தைவேலின் தலையைத் தூக்கிப் புகட்டினான். "குடிடா, சரியாப் பூடும்" என்றான். மதியத்துக்குள் ஆறு சொம்பு புகட்டியிருப்பான். சாயந்திரம் குழந்தைவேலுக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. அதற்கு மேல் பலராமன் யாரையும் கேட்கவில்லை. வலையைச் சுருட்டச் சொல்லிவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

குழந்தைவேல் உயிர் பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, இனி பழையபடி பாரம் தூக்க முடியுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் மனைவி மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"படகுல இன்னா தண்ணிண்ணே குட்த்தீங்க? டாக்டரு திருப்பித் திருப்பி அதையே கேக்குறாரு."

செல்லக்கண்ணு கட்டிலை விட்டு நகர்ந்தான். வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றான். தொட்டி நாறுவது அவனுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். ஒருமுறை சொல்லியும் பார்த்தான். "மீன் நாத்தத்துல அது தெரியுதா ஒனக்கு?" என்று முதலாளி சிரித்துவிட்டுப் போனார். அதோடு விட்டுவிட்டான். சோரியாங்குப்பத்தில் சுப்பராயலுவின் கரும்புக் கொல்லையில் அவன் அப்பன் வேலை செய்தவன். அவர் முன்னால் ஒரு பேச்சை இரண்டாம் முறை எடுக்கிற வழக்கம் அவன் குடும்பத்தில் இல்லை.

எஞ்சின் பார்க்கிற அன்புராஜ்தான் அங்கே வந்து அவன் தோளைத் தொட்டான். ஐ.டி.ஐ. படித்தவன். படகுத் தண்ணீருக்கு ஒரு வழி பண்ணாமல் இனி ஏறக் கூடாது என்றான். என்ன வழி என்று செல்லக்கண்ணு கேட்டான். தெரியாது, போய்க் கேட்போம் என்றான் அன்புராஜ்.

மறுநாள் இருவரும் வில்லியனூரில் ஒரு தண்ணீர்க் கருவிக் கடைக்குப் போனார்கள். மஞ்சுளாவும் கூட வந்தாள். கடைக்காரர் முதலில் ஆர்.ஓ. இயந்திரத்தைக் காட்டினார். அதற்குக் கரண்ட் வேண்டும்; அதோடு பாதிக்கு மேல் தண்ணீரைக் கழிவாகத் தள்ளிவிடும். ஆறேழு நாள் கடலில் கிடக்கிறவன் எதைக் கொட்டுவது? அடுத்து மெழுகுவர்த்தி போல் வடிகட்டி வைத்த எவர்சில்வர் அடுக்கு. அலையில் ஒரு ஆட்டம் ஆடினால் கவிழும். மூன்றாவது, குழாய் வாயில் மாட்டுகிற கரிக் குப்பி. வாடையை எடுக்கும், கிருமியை நிறுத்தாது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மஞ்சுளா கேட்டாள். "கையால அடிக்கிற பம்புல கிருமி போவுறாப்பல எதுனா இருக்காண்ணே?"

கடைக்காரர் யோசித்து, உள்ளேயிருந்து முழங்கை நீளத்தில் ஒரு உருளையை எடுத்து வந்தார். உள்ளே நூல் போன்ற நுண்குழாய்கள் கற்றை கற்றையாய் இருந்தன. கரண்ட் வேண்டாம், கை அழுத்தமே போதும், அடைத்துக்கொண்டால் தண்ணீரைப் பின்பக்கமாகத் தள்ளிக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் முன்னால் தூசி பிடிக்க ஒன்றும், வாடை எடுக்கக் கரிக் குப்பி ஒன்றும் வைக்க வேண்டும்.

வெறும் சொல்லைக் கேட்டு வாங்க அன்புராஜுக்கு மனமில்லை. உருளை, தூசி வடிகட்டி, கரிக் குப்பி மூன்றையும் இரண்டு நாளைக்கு இரவல் கேட்டான். ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்ட கடைக்காரர் கொடுத்தனுப்பினார். மஞ்சுளாவின் வீட்டுக் கொல்லையில் ஒரு டிரம்மில் படகுத் தண்ணீரையே கொண்டுவந்து நிரப்பி, படகுப் பம்பைக் கழற்றி வந்து மாட்டினார்கள். வடிகட்டிகளைப் பம்புக்கு முன்னால் வைத்தபோது தண்ணீரே ஏறவில்லை. பின்னால் வைத்தால் பம்பின் மேல்வாய் வழியே பீச்சி அடித்தது. அந்தப் பம்பு தூக்கத்தான் செய்யும், தள்ளாது என்று அன்புராஜ் கண்டுபிடித்தான். மூடிய தலையுள்ள பம்பு ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து மறுபடி மாட்டினார்கள்.

செல்லக்கண்ணு அடித்தான். கை கனத்தது. முப்பத்திரண்டு அடிக்கு ஒரு குடம் நிறைந்தது. நிறமும் இல்லை, துருவும் இல்லை. டீசல் வாடை மட்டும் லேசாகக் கசிந்தது. தொட்டியில் எஞ்சின் எண்ணெய் இறங்குகிறது, எந்த வடிகட்டியும் அதற்கு முழுப் பதில் ஆகாது, தொட்டியையே மாற்றித் தளத்துக்கு மேலே வைக்க வேண்டும் என்று அன்புராஜ் சொன்னான். மூவரும் அந்தக் குடத்தைப் பார்த்தபடி களைத்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் செல்லக்கண்ணு ஆஸ்பத்திரியில் சொல்லாத அந்தப் பதிலைச் சொன்னான்.

"அந்தத் தண்ணியிலதாம்மா மருந்து கரைச்சிக் குட்த்தேன். ஆறு சொம்பு."

மஞ்சுளா குடத்தை மூடி வைத்தாள். பிறகு, "மொதலாளிகிட்ட வந்து இதையே சொல்லுண்ணே" என்றாள்.

பாகூரில் சுப்பராயலுவின் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே பேசினார்கள். பலராமனும் வந்திருந்தார். புதுத் தொட்டி, தள்ளுகிற பம்பு, மூன்று அடுக்கு வடிகட்டி. அன்புராஜ் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னான். சுப்பராயலு பொறுமையாகக் கேட்டுவிட்டு மேசை மேலிருந்த அட்டைப் பெட்டியைத் தள்ளினார். குழாய் வாயில் மாட்டுகிற கரிக் குப்பி.

"நானே வாங்கி வச்சிட்டேன். மாட்டிக்கினு ஐஸ் ஏத்துங்க."

"அது வாடைய மட்டுந்தான் எடுக்கும் மொதலாளி. கிருமி அப்பிடியே இருக்கும்" என்றான் அன்புராஜ்.

"கடலுக்குப் போறவனுக்கு ஆஸ்பத்திரித் தண்ணி கேக்குதா?" அவர் செல்லக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். "இன்னாடா, நீயுமா? ஒங்கப்பன் வாய்க்கா தண்ணியக் குடிச்சிட்டுத்தான் எங்கொல்லையில கரும்பு வெட்னான். எதுனா கேட்டானா?"

செல்லக்கண்ணுவின் கால்கள் வழக்கம்போல் பின்னால் நகரப் பார்த்தன.

"கேக்கலைங்க ஐயா. நாப்பத்தெட்டு வயசுல செத்துட்டாரு. எனக்கு நாப்பத்தாறு ஆவுது."

சுப்பராயலு எழுந்தார். ஏறாவிட்டால் நாளைக்கே வெளியூர் ஆட்களை இறக்கிப் படகை அனுப்பத் தெரியும் என்றார்.

"அவங்களுக்கும் தாகம் எடுக்கும் மொதலாளி" என்றான் அன்புராஜ்.

மறுநாள் காலை ஐஸ் ஏறவில்லை. படகுத் தொழிலாளிகள் துறைமுகத்து மேடையில் உட்கார்ந்தார்கள். எட்டு மணிக்கு ஒரு வேனில் வெளியூர் ஆட்கள் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். பாதிப்பேர் செருப்பில்லாமல் இருந்தார்கள். பசி அவர்கள் முகத்தில் தெரிந்தது. அவர்களைத் திட்டச் செல்லக்கண்ணுவுக்கு வாய் வரவில்லை. படகில் ஏறி, பழைய பம்பை மாட்டி அடித்து, ஒரு சொம்பு தண்ணீரை மூத்தவரிடம் கொடுத்தான். குழந்தைவேல் கிடக்கிற கதையைச் சொன்னான். அவர் முகர்ந்து பார்த்தார். மற்றவர்களும் வாங்கி முகர்ந்தார்கள். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிவிட்டு, வேனில் ஏறாமல், படகிலும் ஏறாமல், மேடையின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார்கள்.

பலராமன் இன்னும் படகில்தான் இருந்தார். டிரைவருக்குப் பங்கு அதிகம்; வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு மகள். வேனும் காலியாகத் திரும்பிப் போன பிறகு எஞ்சின் சாவியோடு இறங்கி வந்து, தொழிலாளிகளுக்கு நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்தார். ஒருவன் நகர்ந்து இடம் விட்டான்.

அன்றைக்கு முதலாளி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வெயிலும் பசியும் எல்லாரையும் சாய்த்திருந்தன. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று ஒருவன் முணுமுணுத்தான். செல்லக்கண்ணு தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இன்னொரு நாள் தாங்குமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது மீன் பிரிக்கிற மணியம்மாள் வந்தாள். இடுப்பில் கூடை இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் தேநீர் நிறத்தில் தண்ணீர். பக்கத்துப் படகின் தொட்டியில் பிடித்ததாம். அவள் மகன் அதில்தான் போகிறான். பாட்டிலை மேடைச் சுவரின் மேல் வைத்துவிட்டு, "எங்க படகுத் தண்ணிய நீ அடிச்சிப் பாத்தியாப்பா?" என்று கேட்டுச் செல்லக்கண்ணுவின் அருகில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் நல்லவாடு கிராமத்துப் படகொன்றிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அவர்கள் கையிலும் ஒரு பாட்டில். அப்புறம் இன்னொரு படகு, இன்னொன்று. சுவரின் மேல் பாட்டில்கள் வரிசையாய் நின்றன. ஒன்று காவி, ஒன்று பச்சை, ஒன்றில் எண்ணெய் வானவில் போல மிதந்தது. அன்புராஜ் ஒவ்வொன்றிலும் படகின் எண்ணை எழுதிக்கொண்டே போனான். வெளியூர் ஆட்களில் மூத்தவர் எழுந்து வந்து, எழுத இன்னொரு கை வேண்டுமா என்று கேட்டார்.

பதினொன்றாவது பாட்டிலை ஒருவன் வைத்தபோது, துறைமுக வாசலில் சுப்பராயலுவின் கார் வந்து நின்றது. கூடவே வேறு இரண்டு முதலாளிகளின் கார்களும். கதவுகள் உடனே திறக்கவில்லை. செல்லக்கண்ணுவுக்கு முழங்கால் வலித்தது, கண் எரிந்தது. மணியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். மேடை முழுக்க ஆட்கள் ஒவ்வொருவராய் எழும் சத்தம் அவனுக்குப் பின்னால் கேட்டது.