மாமியார் மணி

அன்று காலை பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்தவர்கள்: என் அம்மா எட்டா, அங்கே அம்மா வைத்திருக்கும் கடையின் கூரையைச் சரிசெய்ய வந்த அக்கா கணவர் வில்ஃபர்ட், பேருந்தில் வந்த பதினொரு சுற்றுலாக்காரர்கள், நான், வண்டிக்குள், தூக்கத்தில். அர்லிண்டா அக்கா நகரத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

கல்லூரியைப் பாதியில் விட்டதிலிருந்து எனக்குப் பெட்ரோல் பங்கில் இரவு வேலை. காலையில் அம்மாவைக் கடையில் விட்டு, அவளைக் கவனித்துக்கொள்வதும் என் பொறுப்புதான். கோடையிலிருந்து அவளுக்கு நினைவு தப்புகிறது. ஆடுகளைத் தேடி நெடுஞ்சாலையில் நடந்திருக்கிறாள். ஆடுகளை விற்று ஆறு வருடமாகிறது.

எங்கள் நவாஹோ பழங்குடி வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போகும். பலர் இதை விட்டுவிட்டார்கள். அம்மா விடவில்லை. காதில் சின்ன வெள்ளி மணி போட்டிருப்பாள். மணி கேட்டால் வில்ஃபர்ட் முதுகைக் காட்டி நிற்பார். பதினான்கு வருடத்தில் ஒருமுறையும் அவர் தவறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று மணி அவருக்குப் பின்னால் வந்தது. கையிலிருந்த ஆணிகளைக் கீழே போட்டுவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மணி அவரைக் கடந்து, கம்பி வேலி முடிகிற பக்கம் போனது. அங்கே கொஞ்சம் பாறை. அதன் பிறகு பாலைவனம் அப்படியே கிழிந்து ஆயிரம் அடி கீழே கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது.

"டேய் லீலண்ட், உங்கம்மா போறாங்க, பாரு" என்று சாலையைப் பார்த்தபடியே கத்தியிருக்கிறார். நான் எழவில்லை. மறுபடியும் கத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. பத்தடி போயிருக்கும். அந்தப் பத்தடியும் சும்மா நின்றேன் என்று பிறகு அவரேதான் சொன்னார்.

அப்புறம் திரும்பினார்.

ஒரு சுற்றுலாக்காரியின் அலறலில் நான் விழித்தேன். ஓடிப் போனபோது வில்ஃபர்ட் பாறையில் குப்புறக் கிடந்தார். கையில் அம்மாவின் பாவாடை நுனி. அம்மா விளிம்புக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. அது கீழே விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அவளை வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டிவந்தேன். சால்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். வில்ஃபர்ட் நாலடி தள்ளி முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"என்னப் பாத்தானான்னு அவன்கிட்ட கேளு" என்றாள் அம்மா.

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. "பாத்தேன்னு சொல்லு" என்றார் அவர்.

"மூஞ்சியவா?"

"மொதல்ல பாவாடைய. அப்புறம் மூஞ்சியவும்."

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது.

"அங்க எதுக்குப் போனாங்கன்னு கேளு" என்றார்.

"ஆடு ஒண்ணு கீழ எறங்குச்சு."

"நம்மகிட்ட ஆடே இல்லம்மா" என்றேன்.

"இப்பத் தெரியுது. அப்பத் தெரியல." முழங்காலைத் தடவிக்கொண்டாள். "முரட்டுக் கைன்னு சொல்லு அவன்கிட்ட. தோல் பூரா உரிஞ்சுபோச்சு."

"அளவெடுத்துப் பிடிக்க நேரமில்லன்னு சொல்லு." பிறகு என்னிடம், "உனக்குத்தான்டா மச்சான் மணி கட்டணும். காதுக்குள்ளயே கட்டணும்" என்றார்.

 

சாயங்காலம் அக்கா அம்மாவின் வீட்டுக்கு வந்தாள். வில்ஃபர்ட் வெளியே வண்டியிலேயே இருந்தார்.

"எங்க வீட்டுக்கு வந்துரு. பகல்ல அவரு இருக்காரு, ராத்திரி நான் இருக்கேன்" என்றாள் அக்கா.

"ஒத்த வாசல் வீடு. மூஞ்சி பாக்காம எப்படி இருக்க?"

"அதான் பாத்தாச்சேம்மா. இன்னும் என்ன?"

"இன்னிக்குப் பாத்தது என் உசுருக்கு. தெனம் பாத்தா அது நம்ம சௌகரியத்துக்கு. என் சௌகரியத்துக்கு அவன் கண்ணு போக வேணாம்." பிறகு கேட்டாள்: "அவன் கண்ணு எப்படி இருக்கு?"

அக்கா தயங்கினாள். "வலது கண்ணு செவந்திருக்கு. தூசிதான்."

அம்மா அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அக்கா அழுதுகொண்டே வண்டியில் ஏறினாள். அவர்கள் போய்விட்டார்கள்.

ஏழு மணிக்கு நான் வேலையில் இருக்க வேண்டும். போகாமல் இருந்தால் அடுத்த வாரம் வேலை இருக்காது. வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டியைக் கிளறி ஒரு பூட்டை எடுத்து வந்தாள். பழைய ஆட்டுப்பட்டிப் பூட்டு. சாவி அதிலேயே இருந்தது.

"வெளியில போடு."

"தீப்பிடிச்சா என்ன பண்ணுவ?"

"அடுப்ப அணைச்சுட்டேன். நீயே பாத்துக்க."

பார்த்தேன். சாம்பல் ஆறியிருந்தது.

"ராத்திரி முழிச்சுக்கிட்டா?"

"முழிச்சுக்கிட்டா ஆட்டத் தேடுவேன். அதுக்குத்தான் பூட்டு. காலையில நேரா வீட்டுக்கு வா. வழியில தூங்கித் தொலைக்காத."

உள்ளே போனாள். கதவைச் சாத்தினேன். கொக்கி துருப்பிடித்திருந்தது, இரண்டு முறை தட்ட வேண்டியிருந்தது. உள்ளே மணி கதவு வரை வந்து நின்றது. பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். பிடித்திருந்தது.