கையெழுத்துப் போடாத படம்

எங்கள் வீட்டு ஓவியர், அதாவது என் கணவர், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் படம் வரையப் போகிறேன் என்று சொன்னபோது நான் தடுக்கவில்லை. விளம்பரக் கம்பெனியில் பத்து வருடம் ஷாம்பு பாட்டிலுக்குப் பளபளப்பு ஏற்றிய மனிதர். அவருக்கும் ஆசை இருக்காதா? சரிங்க என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. தோன்றினால் வரைவார், தோன்றாவிட்டால் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்ப்பார். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் பேசும் வீடியோவைப் போனில் பார்த்தார். தனியாக நிற்கிற கலைஞன் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கக் கூடாதாம். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

மறுநாள் முன்னறைச் சுவர் முழுக்க ஒரு அட்டவணை முளைத்தது, நான்கு வண்ணங்களில். திங்கள் யோசனை, செவ்வாய் கோடு, புதன் கான்வாஸுக்கு வெள்ளைப் பூச்சு, வியாழன் வண்ணம், வெள்ளி கையெழுத்து. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் வைத்த அலாரம் கூவும். உடனே எழுந்து கையை உதறி, ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டு, கட்டத்தில் டிக் அடிப்பார். டிக் அடிப்பதில் இருந்த சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமே! தூரிகைகளை உயர வரிசையில் அடுக்க ஒரு நாள் போனது. வண்ண ட்யூப்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட இன்னொரு நாள். பெயர்தான் ட்யூபிலேயே அச்சடித்திருக்கிறதே, அதை யார் அவரிடம் சொல்வது? ஐந்து மாதத்தில் எத்தனை படம் முடிந்தது என்று கேட்டால் மட்டும் முகம் அஷ்டகோணலாகிவிடும்.

"படம் முக்கியமில்லம்மா, பழக்கம்தான் முக்கியம்" என்பார்.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். பிளாஸ்டர் குழைத்து அச்சு எடுத்து, ராவி, தேய்த்து அனுப்புவோம். அது வாயில் ஒழுங்காக உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் பல் டாக்டர் போனிலேயே என்னைக் கடித்துக் குதறிவிடுவார். "பல் இன்னும் வரல டாக்டர், ஆனா பழக்கம் நல்லா வந்திருக்கு" என்று ஒரு நாள் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்ததுண்டு.

முடிந்த படம் ஒன்றே ஒன்று இருந்தது. அட்டவணைக்கு முந்திய காலத்தில், மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என்னை வைத்து வரைந்தது. நான் ஒன்றும் அழகி இல்லை, அவரும் என்னை அழகியாக்கவில்லை. நக இடுக்கில் பிளாஸ்டர் ஒட்டிய என் கையை அந்தப் படத்தில் பார்த்துவிட்டு, என் கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் என்னை ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் நம்பினேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

அட்டவணையின் பெருமையை ஊருக்குச் சொல்ல அதைப் போட்டோ பிடித்து இணையத்தில் போட்டார். சுவரோரம் சாய்த்திருந்த என் படத்தின் ஒரு மூலையும் அதில் விழுந்துவிட்டது. தெரிந்தது கை மட்டும்தான். ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் கேலரிக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்: 'அட்டவணை கிடக்கட்டும். அந்தக் கை யாருடையது? புதன் நாலு மணிக்கு வருகிறேன். முழுப் படத்தையும் பார்த்துப் பிடித்துப்போனால் வரும் கண்காட்சியில் ஒரு சுவர் உங்களுக்கு.'

இவர் தனியாக நிற்க ஆரம்பித்ததிலிருந்து வீடு தேடி வந்த முதல் வாய்ப்பு அது. எனக்கே தலைகால் புரியவில்லை. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

முன்னறைத் தரையில் பன்னிரண்டு கான்வாஸ், பன்னிரண்டும் சுண்ணாம்படித்த மாதிரி வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தன. ஓவியர் நடுவில் நின்று டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

"என் படம் எங்கங்க?"

"அங்கதான், சுவரோரமா..." என்று திரும்பினார். சுவரோரம் ஒன்றுமில்லை. தரையில் கிடப்பவற்றை விரலால் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம்தான் வீடியோக்காரர் புதிதாக ஒரு சட்டம் சொல்லியிருக்கிறார். முப்பது நாளாக முடியாமல் கிடக்கும் படத்துக்கு ஈவிரக்கம் பார்க்காமல் வெள்ளையடித்துவிட வேண்டும். முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? கையெழுத்து இருந்தால் முடிந்தது. என் படத்தில் கையெழுத்து இல்லை. வெள்ளிக்கிழமைதானே கையெழுத்து நாள்? எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்து போனது. அன்றைக்கெல்லாம் இவர் தன் கையெழுத்தின் வால் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்.

"இருபத்தஞ்சு நிமிஷத்துல பன்னெண்டையும் முடிக்கணும்னு வேகமா அடிச்சேன். காதுல வேற வீடியோ ஓடிட்டு இருந்துச்சு. கையெழுத்து இருக்கான்னு மூலையை மட்டும் பாத்தேன்."

"மூலைக்கு மேல ஒருத்தி இருந்தாளேங்க!"

ஈரத்துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து இறுகிவிட்டது. எதற்கடியில் நான் இருக்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

சரியாக நாலு மணிக்கு அந்த அம்மா வந்தார். நடந்ததை நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. தரையில் கிடந்த வெள்ளையையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "போனது போகட்டும். மறுபடி வரைய முடியுமா?" என்று கேட்டார்.

"தாராளமா!" ஓவியருக்கு உயிர் வந்துவிட்டது. "மூணு வாரத்துல முடிக்கிற மாதிரி இப்பவே திட்டம் போட்டுடறேன்."

"சரி, அவங்க அதுல எப்படி இருந்தாங்க? அந்தக் கைதான் எனக்குத் தெரியும். முகம்?"

ஓவியர் விட்டத்தைப் பார்த்தார். "நேரா நம்மளப் பாக்குற மாதிரி. லேசா ஒரு சிரிப்பு. கண்ணு ரெண்டும் பளிச்சுனு இருக்கும்."

சாட்சாத் ஷாம்பு பாட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்! அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றேன். "ஞாயித்துக்கிழமை லேப்ல அரை நாள் வேலை. வந்த அலுப்புல நாற்காலியிலேயே, வாயைப் பொளந்துக்கிட்டு."

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "முடிஞ்ச படம் ஏதாவது இருந்தா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார். கிடைக்கவிருந்த சுவரும் அவரோடு போய்விட்டது.

போன் கூவிற்று, ஓவியர் டிக் அடிக்கப் போகவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து, இதுவரை நான் கேட்டிராத கெஞ்சல் குரலில் சொன்னார்: "இந்த ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்ச நேரம் தூங்கேன்மா."

"உங்க முன்னாடி இனிமே எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றேன்.