நாற்பத்தேழு ஓட்டைகள்

ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவை மனப்பாடமாக வைத்திருந்த தையல்காரி, உள்ளங்கை அகலத் தோல் துண்டிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனாரின் தோல் பட்டறையில் ஜன்னலோர முக்காலி ஒன்று காலியாகியிருந்தது. அதில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று இவளுக்குக் கொள்ளை ஆசை. நாத்தனாரோ சொந்தபந்தம் பார்க்கிற ரகமில்லை.

"சனிக்கிழமைக்குள்ள கையால ஒரு பர்ஸ் தைச்சுட்டு வாங்க அண்ணி. ஓட்டையெல்லாம் ஒரே இடைவெளியில இருந்தா முக்காலி உங்களுக்கு."

"என் தையலைப் பாத்துத்தான் எறும்பே வரிசையில போகக் கத்துக்கிச்சு!"

"தோல் துணி இல்ல அண்ணி" என்று இரண்டு பர்சுக்கு மட்டும் தோல் கொடுத்து அனுப்பினாள்.

முதல் பர்சைக் கண்ணளவில் குத்தித் தைத்தாள். கோணிக்கொண்டது. துணியில் செய்வதுபோல நூலைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள். துணி என்றால் நீவிவிட்டால் ஊசித்தடம் மூடிக்கொள்ளும். தோல் எதையும் மறக்கவில்லை. குத்திய ஓட்டையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்தப் பர்சில் மாவு சலிக்கலாம், பணம் வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது தோலை எடுத்தாள். இதையும் கெடுத்தால் முக்காலி போச்சு. அதனால் தோலைத் தொடாமல், சட்டைக்கு மாதிரி வெட்டுவதுபோல அதன் ஓரத்தின் நீளத்துக்குக் காகிதப் பட்டை ஒன்று வெட்டினாள். ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த இரட்டை முள் டிவைடரை விரித்து, காகிதத்தின் மேல் காலடி காலடியாக நடக்கவிட்டாள். கடைசியில் அரைக் காலடி மிச்சம். முள்ளை மயிரிழை குறுக்கினாள். இப்போது கால் காலடி மிச்சம். அகட்டினாள், டிவைடர் காகிதத்தைத் தாண்டி மேஜைக்கே போய்விட்டது.

"கடைசி ஒண்ணை மட்டும் நெருக்கிப் போட்டுடேன். யாரு பாக்கப் போறா?" என்றார் கணவர்.

"உங்க தங்கச்சி. செருப்புல ஒரு தையல் கோணலா இருக்குன்னு கடைக்காரரையே அழ வச்சவ."

"அது உண்மைதான்" என்றார் அவர்.

டிவைடர் அன்று நடந்த நடையைச் சேர்த்தால் பக்கத்து ஊருக்கே போயிருக்கலாம். பத்தொன்பதாவது தடவை, நாற்பத்தேழாவது புள்ளி ஓரத்து முனையில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. காகிதத்தைத் தோல்மேல் ஒட்டினாள். குத்தூசி சாய்ந்தால் முன்பக்கம் அழகாக இருக்கும், பின்பக்கம் பல்லிளிக்கும். ஆகவே கணவரின் தாடையை மேஜைமேல் வைத்து, ஊசிக்கு நேராகக் கண்ணை வைக்கச் சொன்னாள்.

"இடப்பக்கம் சாயுது... இன்னும் கொஞ்சம்... ஆங், குத்து!"

ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு "குத்து". எதிர்வீட்டுக்காரர் கொலை நடக்கிறதோ என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இருபத்து மூன்றாவதில் கணவர் தும்மினார். மேஜை ஆடியது. அவள் பார்த்த பார்வையில் அவருக்கு அடுத்த தும்மல் மூக்கிலேயே கருகிவிட்டது.

சனிக்கிழமை நாத்தனார் பர்சை வெளிச்சத்தில் பிடித்தாள். தையல்மேல் நகத்தை ஓட்டினாள். அளவுகோல் வைத்தாள். புரட்டினாள்.

"அண்ணி! இது நீங்க தைச்சதா?"

"இரு. பின்பக்கம் இருபத்து மூணாவது ஓட்டை கால் நூல் அளவு தள்ளி இருக்கு. உங்க அண்ணன் தும்மினது."

நாத்தனார் பூதக்கண்ணாடி எடுத்தாள்; கண்ணைச் சுருக்கினாள்; மூக்கு தோலில் இடிக்கும்வரை குனிந்தாள்.

"எனக்குத் தெரியலையே."

"எனக்குத் தெரியுது. ராத்திரி பூரா தூக்கம் வரல. இன்னொரு தோல் குடு, புதுசாத் தைச்சுட்டு வரேன்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தனை நாள் இந்தக் கடையில பெரிய தொல்லை நான்தான்னு நினைச்சிருந்தேன்" என்று முனகியபடி, தோல் துண்டு ஒன்றை எடுத்து ஜன்னலோர முக்காலிமேல் போட்டாள். "வீட்டுக்கு எதுக்குக் கொண்டு போறீங்க? இங்கயே உக்காந்து பண்ணுங்க. அண்ணனை மட்டும் கூட்டிட்டு வராதீங்க."