கொடி சுற்றிப் பிறந்தவன்

"பிறந்ததும் அழுதானா?" என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்.

பாண்டியம்மாள் அண்ணன் நல்லகாமனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேசைமேல் கிடந்த பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்து டாக்டரம்மா மெல்லத் தூக்கினார். உடம்பு எழுந்து வந்தது. தலை மட்டும் பின்னால் தொங்கியது. காது குத்தும் வயது வந்துவிட்டது, இன்னும் கழுத்து நிற்கவில்லை.

"ஒடனே அழல," என்றாள் பாண்டியம்மாள்.

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"எங்கண்ணனை வெளிய தள்ளி, கதவைச் சாத்தி, அவன் தெரு தாண்டிட்டானான்னு பாத்துட்டு வந்ததுக்கப்புறம்."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. பாண்டியம்மாள் விவரமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

திருமங்கலத்துக்கு மேற்கே அவர்கள் ஊரில், கொப்பூழ்க்கொடி கழுத்தில் சுற்றிப் பிறக்கும் குழந்தை தாய்மாமன் உயிருக்கு ஆகாது என்பார்கள். மாமன் அதன் முகத்தை முதலில் நேராகப் பார்க்கக் கூடாது. கிண்ணத்து எண்ணெயில் தெரியும் நிழலைப் பார்த்துத் தோஷம் கழித்த பிறகுதான் பிள்ளையைப் பார்க்கலாம். தலைப்பிரசவத்துக்குப் பாண்டியம்மாள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வெந்நீர்ப் பானையைத் தூக்கிவந்து நல்லகாமன் நிலைவாசலில் வைக்கும்போது பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. உடம்பு நாவற்பழ நிறத்தில் இருந்தது. மருத்துவச்சி ராமக்காள் கொடியைக் கழற்றிக்கொண்டே, "மாமன் நிக்கிறான், வெளிய தள்ளுங்கடி!" என்று கத்தினாள். பெண்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். ராமக்காளும் பிள்ளையை நெல் புடைக்கும் சுளகில் போட்டு, முகத்தைத் துணியால் மூடிவிட்டுக் கதவைப் பிடிக்கப் போனாள். துணி அசையவில்லை. எழுந்திருக்க முடியாமல் பாண்டியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

திரும்பி வந்துதான் ராமக்காள் பிள்ளையின் வாயில் விரல் விட்டுச் சளியை எடுத்தாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். ஒருத்தி தாம்பாளத்தை அடித்தாள். கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. பிறகு எண்ணெய்க் கிண்ணம், சேவல் பலி எல்லாம் முறைப்படி நடந்தன. நல்லகாமனுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

டாக்டரம்மா கேட்டு முடித்துவிட்டுக் கை கழுவினார். "மூச்சு இல்லாதப்போ மூளைக்குப் பிராணவாயு போகலை. அதில் மூளை அடிபட்டிருக்கு. வலிப்பு வர்றதும் அதனாலதான்."

"ஒடனே தூக்கியிருந்தா நல்லா இருந்திருப்பானா?" என்று நல்லகாமன் முதல்முறையாக வாய் திறந்தான்.

"கொடி எவ்வளவு இறுக்கியிருந்ததோ, நான் பார்க்கலை. ஆனா அப்படிப் போட்டு வைக்கிற நேரம் இல்லை அது. வலிப்புக்கு மருந்து தர்றேன். போனது திரும்பாது."

அது உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. ஊர் திரும்பும்போது திருப்பரங்குன்றம் தாண்டி வண்டி நின்றது. "எறங்கித் தள்ளுங்கப்பா," என்றான் கண்டக்டர். "டிக்கெட் வாங்குனவனும் தள்ளணும், வாங்காதவனும் தள்ளணும். சர்க்கார்ல ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

தள்ளிவிட்டு வந்து நல்லகாமன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தான். வேட்டியெல்லாம் கரி.

"அண்ணே, உன் மாப்ளைக்கு ரெண்டாந்தாரம் பாக்குறாக."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? என் வயித்துல கோளாறாம். இனி பொறக்கிறதும் இப்படித்தான் இருக்குமாம். எங்க அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது." பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்தாள். "காதுகுத்துக்கு எல்லாரும் வருவாகல்ல? பய உன் மடியிலதான இருப்பான். அங்க வச்சுச் சொல்லு, நடந்ததை."

"கூட்டத்துல சொன்னா நம்ம வீட்டைத்தான பேசுவாக?"

"இப்ப என்னையப் பேசுறாகள்ல."

திருமங்கலம் வரும்வரை அவன் வேட்டியில் இருந்த கரியைத் தட்டிக்கொண்டே வந்தான்.

காதுகுத்துக்கு நல்லகாமன் வீட்டில் கிடா வெட்டினார்கள். பாண்டியம்மாளின் கணவன் பேயாண்டியும் அவன் தாய் சின்னத்தாயும் முன்வரிசையில் இருந்தார்கள். நல்லகாமன் பிள்ளையை மடியில் வைத்துத் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டான். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். சத்தமில்லை. மறு காதையும் குத்தினார். அப்போதும் பிள்ளை அழவில்லை.

"மாமன் மடி மெத்தையா இருக்கு போல, ஊசியே தெரியல!" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது.

சின்னத்தாய் சிரிக்கவில்லை. "அன்னைக்கும் அழல, இன்னைக்கும் அழல. அவ வயித்துல வந்தது வேற எப்படி இருக்கும்?" என்றாள், நாலு பேருக்குக் கேட்கும்படி.

பாண்டியம்மாள் அண்ணனைப் பார்த்தாள்.

"அத்தை, அவ வயித்துல ஒரு கோளாறும் இல்ல," என்றான் நல்லகாமன். "என்னைய வெளிய தள்ளுற அவசரத்துல இவனைச் சுளகுல போட்டுட்டுப் போயிட்டாக. மூச்சில்லாம கெடந்திருக்கான். எங்க வீட்டுல நடந்தது. என் உசுரைப் பாத்ததுல நடந்தது. மதுரை டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்றாக."

கூட்டத்தின் பின்னால் இருந்து ராமக்காள், "கொடி சுத்திப் பொறந்தா வேற என்ன செய்வாக? வழக்கத்தை நானா உண்டாக்குனேன்?" என்றாள்.

சின்னத்தாய் எழுந்தாள். "அப்ப மாமன் தப்பிச்சுக்கிட்டான், என் பேரன் மாட்டிக்கிட்டான்."

"ஆமா, அத்தை."

அவள் சண்டைக்குத் தயாராக வந்தவள். முந்தானையை உதறிச் செருகினாள். பிறகு, "உங்க வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம்," என்று வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் பிள்ளைக்கு வலி எட்டியது போலிருக்கிறது. முகம் கோணி, மெல்லிய குரலில் அழத் தொடங்கியது. நல்லகாமனுக்கு எப்படி அமர்த்துவதென்று தெரியவில்லை. பாண்டியம்மாள் நகரவில்லை. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேயாண்டி வண்டிப் பக்கம் பார்த்தான். இடத்தை விட்டு எழுந்தான். அதுவரை அவன் பிள்ளையைத் தூக்கியதே இல்லை. மச்சான் முன்னால் வந்து குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான். தூக்கியதும் தலை பின்னால் சரிந்தது. பயந்துபோய் அப்படியே நின்றான்.

"கழுத்துக்கு அடியில கைய வையி, மாப்ள," என்றான் நல்லகாமன்.