மணக்காத பொடி

அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மூக்குக்குத்தான் சம்பளம். போன குளிர்காலத்துக் காய்ச்சலோடு மோப்பம் அடியோடு போய்விட்டது என்பதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண்.

ஆனாலும் மனிதருக்கு மச்சம். அங்கே நடந்ததே வாசனையை ஒளித்துவைக்கும் வேலை. சிலிக்கா என்ற வெள்ளைப் பொடியில், துகளுக்குத் துகள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். அவற்றில் மல்லிகை வாசனையை ஊறவைத்து, மேலே மெழுகு பூசி அடைத்துவிடுவார்கள். சலவைத்தூளில் கலந்த பிறகு, வெந்நீர் பட்டால்தான் அது மணக்க வேண்டும். மணக்கிறதா என்று எவன் மூக்கும் சொல்லிவிடும். காய்ந்த பொடியில் துளிக் கசிவும் இல்லை என்று சொல்லத்தான் மூக்கர். அவரும் முகர்ந்து பார்ப்பார், ஒன்றும் தெரியாது, "பிரமாதம்" என்பார். மாதக்கணக்கில் வண்டி இப்படியே ஓடியது.

மெழுகு பூசுவது அவருடைய சொந்தத் தம்பி. ஒருநாள் கிண்ணமும் கையுமாக வந்து நின்றான்.

"அண்ணே, சூடு கொஞ்சம் ஏறிப்போச்சு. மெழுகு உருகி விட்டிருக்குமோன்னு பயமா இருக்கு. எங்களுக்கு இங்க எந்நேரமும் மல்லிகைதான், ஒண்ணும் புரியல. நீ பாத்துச் சொல்லு."

மூக்கர் கண்ணை மூடி நீளமாக இழுத்தார்.

"ஒண்ணுமே இல்லடா. போ, மூட்டை கட்டு."

அந்த மூட்டைகள் போன கிடங்கில் பக்கத்திலேயே குழந்தைகளுக்கான பால்பவுடர் அடுக்கியிருந்தது. வாரக் கடைசியில் அது முழுக்க மல்லிகை மணம். மேலாளர் குதி குதியென்று குதித்தார். மூக்கர் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தம்பியின் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

மேலாளர் அறையில் மூக்கரும் இருந்தார். வாய்வரை வந்ததை விழுங்கினார். கேவலமாகத்தான் இருந்தது, ஆனாலும் விழுங்கினார்.

வெளியே வந்ததும் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"என்னை மன்னிச்சுடுண்ணே. சூடு ஏறினதையும் உன்கிட்ட காட்டினதையும் சொன்னா, உன்னையும் சேத்து இழுத்துடுவாங்களோன்னு பயந்தேன். அதான் உள்ள வாயே தொறக்கல. நீ பாத்தப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். உன் மூக்கு தப்பாவா சொல்லும்? அப்புறம் மூட்டை கட்டுறப்ப நான்தான் எங்கயோ கெடுத்துட்டேன்."

மூக்கர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுடா. போற எடத்துலயாவது கவனமா இரு," என்றார்.