பரிக்கு நாலு குளம்பு

சாவித்ரிக்குத் தமிழ் பேசத் தெரியும், பாடத் தெரியும், கோபம் வந்தால் திட்டவும் நன்றாகத் தெரியும். படிக்க மட்டும் வராது. பவானிப்பூரில் பிறந்து பெங்காலிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்துகளைக் கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெங்காலி எழுத்தை ஜோடி சேர்த்து மனத்தில் வைத்திருந்தாள். அந்த ஏற்பாடு மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் தள்ளாடும்.

இதை ஒரு குறையாக அவள் நினைத்ததே இல்லை, அலமு வாய் திறந்து பேச ஆரம்பிக்கும் வரை.

அலமு இரண்டாம் வகுப்பு. லேக் கார்டன்ஸில் அவர்கள் இருந்த மாடிக்குக் கீழே குடியிருந்த பெங்காலி மாமி, மாஷிமாவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். அம்மா தமிழில் கேட்பாள், பெண் பெங்காலியில் பதில் சொல்லும்.

"சாப்பிட வரியாடி?"

"ஏகோன் நா, மா."

இப்போது வேண்டாமாம். அதைத் தமிழில் சொன்னால் என்ன, வாய் சுளுக்கிக்கொள்ளுமா? கணவன் வைத்தீஸ்வரனுக்கு ஆசன்சோலில் வங்கி வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். வந்து, "ரெண்டு பாஷை வந்தா நல்லதுதானே" என்று சிரித்துவிட்டுத் தூங்கிவிடுவான். நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் தன் வயிற்றில் பிறந்தது தன்னிடமே விருந்தாளி மாதிரி பேசினால் எப்படி இருக்கும்? சாவித்ரிக்கு அழுகை அழுகையாக வந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் அலமுவின் பள்ளிக்கூடத்தில் மீனாக்ஷி டீச்சர் ஓர் ஏற்பாடு செய்தாள். சின்னத் தமிழ் ஆரம்பப் பள்ளி. நூலகம் என்று அங்கே இருந்தது மூன்றாம் வகுப்பறையில் ஒரு மர அலமாரி. அதுவும் பூட்டியே கிடக்கும். சனிக்கிழமை மத்தியானம் அதைத் திறந்து வைக்கிறேன், பெற்றோரும் குழந்தைகளோடு வாருங்கள் என்றாள் டீச்சர். வீட்டுக்கு ஒரு புத்தகம். ஒரு வாரம் வைத்துக்கொண்டு வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும். அடுத்த சனிக்கிழமை யாராவது ஒரு பெரியவர் அந்தக் கதையை எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

முதல் சனிக்கிழமை சாவித்ரி மற்றவர்களைப் போலவே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் புத்தகங்களின் முதுகைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. இருப்பதிலேயே ஒல்லியான ஒன்றை உருவிக்கொண்டாள். அதன் அட்டை என்றைக்கோ போய்விட்டிருந்தது. முதல் பக்கத்துப் படத்தில் முக்கால் பாகத்தைப் பூச்சி தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு ஜோடி வெள்ளைச் சிறகு.

அன்று சாயங்காலம் வழக்கம் போலக் கரண்ட் போயிற்று. மாடி வராந்தாவில் பாயைப் போட்டு, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். பறக்கும் என்பது வந்துவிட்டது. அடுத்த சொல்லில் இரண்டே எழுத்து. ப, ரி. வீட்டில் பழகிய சொல்லாக இருந்தால் நாக்கே அதைச் சரிசெய்து கொடுத்துவிடும். இது பழகாத சொல், அதனால் பெங்காலி குறுக்கே வந்தது. பெங்காலியில் 'ப' என்று எழுதியிருந்தாலும் வாயில் 'பொ' என்றுதான் விழும். ஆக, பொரி.

சாவித்ரிக்கு உடம்பு சிலிர்த்தது. பெங்காலியில் பொரி என்றால் தேவதை. விக்டோரியா மெமோரியலின் உச்சியில் கொம்பு ஊதிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாளே, அவளையும் ஊரே பொரி என்றுதான் சொல்லும். படத்தில்தான் சிறகு இருக்கிறதே, இதில் என்ன சந்தேகம்!

"பறக்கும் பொரி" என்று கம்பீரமாக வாசித்தாள்.

பாயில் படுத்திருந்த அலமு எழுந்து உட்கார்ந்தது. "பொரி? விக்டோரியார் பொரி?"

"அவளேதான். ஆனா இது தமிழ்ப் பொரி. தமிழ்ல கேட்டாத்தான் வருவா."

அலமு யோசித்தது. நாக்கைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டது. பிறகு மெதுவாக, "பொரி... என்ன பண்ணினா?" என்றது.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் சாவித்ரி உருகிப்போனாள். இரண்டாவது வரியில் விரலை ஓட்டினாள். அந்தப் பரிக்கு நாலு குளம்பு என்று இருந்தது. பெங்காலியில் இருப்பது ஒரே ஒரு 'ல'. தமிழின் ல, ள, ழ மூன்றையும் அவள் அதே எழுத்தோடுதான் ஜோடி சேர்த்து வைத்திருந்தாள். குழம்பு என்றே வாசித்தாள்.

"பொரிக்கு நாலு குழம்பு வேணுமாம்" என்றாள்.

அதற்கு மேல் எழுத்துக் கூட்ட அவளுக்குப் பொறுமை இல்லை, தேவையும் இருக்கவில்லை. பக்கத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். நின்று நின்று பொரிக்குக் கால் கடுத்துப்போயிற்று. பசி வேறு. மெமோரியல் உச்சியிலிருந்து நழுவி, மைதானத்துப் பனிமூட்டத்தில் மிதந்து, உறங்கிக்கொண்டிருந்த டிராம்களின் முதுகைத் தடவிக்கொண்டே தெற்கே வந்தாள். வீட்டுக்குப் பக்கத்து லேக் தண்ணீரில் கட்டைவிரலை நனைத்துக்கொண்டாள். கொம்புக்குள் கத்திரிக்காயைப் போட்டு எடுத்துக்கொண்டு, தாமரையிலை மேல் அடுப்பு மூட்டி, வத்தக்குழம்பு வைத்தாள். மறுநாள் மோர்க்குழம்பு. வாரம் முழுக்கக் குழம்புகள் கொதித்தன. லேக்கின் மேல் எழும் புகையைப் பார்க்கும்போதெல்லாம் அலமு, "அம்மா, பொரி தாளிக்கறா!" என்று கத்தியது. தமிழில். சாவித்ரிக்கும் சில சமயம் கடுகு வெடிக்கும் மணம் வந்த மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கதை சொல்லக் கூப்பிட்டபோது அவள் கொஞ்சமும் கூசவில்லை. குழந்தைகள் வாய் பிளந்து கேட்டன. பொரி நாலாவது குழம்பில் உப்புப் போட மறந்த இடத்தில், எல்லோருக்கும் முன்னால் அலமு எழுந்து, "நான் போடறேன்!" என்றது.

பின்வரிசையில் ஸ்ரீனிவாசராகவன் உட்கார்ந்திருந்தார். மத்திய சர்க்கார் ஆபீசர். தமிழில் ஒரு கால் விட்டுப்போனாலும் அவருக்குத் தூக்கம் வராது. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"மாமி, தப்பா நினைச்சுக்கப்படாது. இது பரி. பரின்னா குதிரை. குளம்புன்னா அதோட கால் நகம். பறக்கும் குதிரைக்கு நாலு குளம்பு. நீங்கோ சமையலே பண்ணிட்டேளே!"

அறையே சிரித்தது. மீனாக்ஷி டீச்சர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவரே எடுத்து வாசித்தும் காட்டினார். அட்சரம் பிசகவில்லை. குதிரை பறந்தது, அரசகுமாரனை ஏற்றிக்கொண்டது, இறங்கியது, முடிந்தது. சாவித்ரியின் காது மடல்கள் எரிந்தன. சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அலமு அவளை நிமிர்ந்து பார்க்காமல் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

லேக் ஓரமாக வீட்டுக்கு நடந்தார்கள். வெயில் இறங்கிவிட்டது. தண்ணீருக்கு மேல் பனியும் அடுப்புப் புகையும் ஒன்றாகக் கலந்து, எதிர்க்கரை மரங்கள் வேர் இல்லாமல் மிதந்தன. அலமு நாலடி முன்னால் போனது. இனி வாயைத் திறந்தால் பெங்காலிதான் வரும், தமிழ்ப் பொரி போயே போய்விட்டாள் என்று சாவித்ரி நினைத்தாள். தொங்கு பாலம் வந்தது. காரத் தீனி விற்கிற ஜால்முரிக்காரன் டப்பாவைக் குலுக்கினான். அதற்கும் அலமு திரும்பவில்லை.

"மா" என்றது கடைசியில்.

அந்த ஒரு சொல் இரண்டு பாஷைக்கும் பொருந்தும்.

"அது குதிரைன்னா, பொரி எப்படி வந்தா?"

தமிழ். சாவித்ரி அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். இதற்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்குத் தமிழ் படிக்க வராதுடி. தப்புத் தப்பா எழுத்துக் கூட்டினேன். அதான் வந்துட்டா."

"நாலு குழம்பும் தப்பா?"

"அதுவும் தப்புதான்."

அலமு புகை மிதந்த தண்ணீரைப் பார்த்தது. "அந்த மாமா சரியாப் படிச்சார். ஆனா அந்தக் குதிரை லேக்குக்கே வரலையே" என்றது.

"வரலைதான்."

"அப்போ பொரி அது மேல ஏறிண்டு வரட்டும். கால் கடுக்காது."

சொல்லிவிட்டு ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, அட்டையில்லாத அந்தப் புத்தகத்தை வெளியே எடுத்தது. டீச்சரிடம் கேட்டு இன்னொரு வாரத்துக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதை அம்மா மடியில் வைத்தது.

"நான் ஸ்கூல்ல சரியாப் படிச்சுக்கறேன். நீ தப்பாவே படிம்மா."

சாவித்ரி சிரித்தாள், அழுதாள், எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. புத்தகத்தைப் பிரித்து, வெளிச்சம் இருந்த பக்கமாகத் திருப்பிப் பிடித்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.